ஹான் சோலோவின் வாலிப காலம்: காட்டியிருக்க வேண்டுமா?

டோம்பிவிலி வாசகர் ஒருவர் கேட்டது: "2018இல் வந்த சோலோ என்ற ஸ்டார் வார்ஸ் படத்தைப் போன வாரம்தான் பார்த்தேன். எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் எங்கே தேடினாலும் திட்டித்தான் எழுதியிருக்கிறார்கள். ஒரு போக்கிரி எப்படிப் போக்கிரி ஆனான் என்று காட்டுவதில் அப்படி என்ன குற்றம்?"

ஜூலை 5, இரவு 10.40

ஸ்டார் வார்ஸ் படங்களில் வரும் விண்கப்பல் கடத்தல்காரன் ஹான் சோலோவின் இளமைக் கதை இது. குற்றமெல்லாம் இல்லை. படமும் மோசமில்லை. இரண்டே கால் மணி நேரத்தில் ரயில் கொள்ளை, சீட்டாட்டம், சுரங்கத்தில் கலவரம், விண்வெளிச் சுழலுக்குள் துரத்தல் என்று எல்லாம் இருக்கிறது. திட்டியவர்களைவிட, தியேட்டர் பக்கமே போகாதவர்கள்தான் அதிகம். 27 கோடி டாலருக்கு மேல் செலவழித்து எடுத்த படம் உலகம் முழுக்க 39 கோடி டாலர் சொச்சம் வசூலித்தது. கேட்க லாபம் போலத் தெரியும். அதில் ஏறக்குறைய பாதி தியேட்டர்காரர்களுக்குப் போய்விடும், விளம்பரச் செலவு தனி. தியேட்டர் ஓட்டத்தில் நஷ்டம் கண்ட முதல் ஸ்டார் வார்ஸ் படம் என்ற பெயர் இதற்கு வந்துவிட்டது. முந்தைய ஸ்டார் வார்ஸ் படம் 2017 டிசம்பரில் வந்து, அதைப் பற்றிய சண்டையே ஓயவில்லை. ஐந்து மாதத்தில் இதைக் கொண்டுவந்து இறக்கினார்கள். யாருக்குப் பசி இருக்கும்?

என் குறை வேறு. படம் விளக்கம் சொல்கிறது என்பதில் எனக்குச் சண்டை இல்லை. எதை விளக்குகிறது என்பதில்தான். துப்பாக்கி யார் கொடுத்தது, பெயர் யார் வைத்தது, நண்பன் எங்கே கிடைத்தான், கப்பல் எப்படிக் கைக்கு வந்தது, காக்பிட்டில் தொங்கும் தாயக்கட்டை யாருடையது. மண்டபத்தில் சீர்வரிசைத் தட்டுகளை அடுக்குகிற மாதிரி ஒவ்வொன்றாக வந்து இறங்குகிறது. மாப்பிள்ளை எப்படிப்பட்டவன் என்பதுதான் தெரிய மாட்டேன் என்கிறது.

படம் பார்க்காதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். இனிமேல் முடிவு உட்பட எல்லாவற்றையும் போட்டு உடைக்கப் போகிறேன்.

ஜூலை 6, காலை 7.15

முலுண்ட் நண்பர் "பன்னிரண்டு பார்செக் விஷயத்தையாவது சரியாக விளக்கினார்களே" என்கிறார். எனக்கு எரிச்சல் வந்த இடமே அதுதான்.

1977இல் வந்த முதல் ஸ்டார் வார்ஸ் படத்தில் ஹான் மதுக்கடையில் உட்கார்ந்து, தன் கப்பல் கெஸல் ஓட்டம் என்ற கடத்தல் வழித்தடத்தைப் பன்னிரண்டு பார்செக்குக்குள் முடித்தது என்று பெருமை அடிப்பான். பார்செக் தூரத்தின் அளவு. ஒரு பார்செக் சுமார் 3.26 ஒளியாண்டு. வேகத்தைப் பற்றிப் பெருமை பேசும்போது தூரத்தைச் சொன்னால் பள்ளிக்கூடப் பையனே சிரிப்பான். அந்தப் படத்தின் எழுத்துப்பிரதியில், கப்பலில் இடம் கேட்டு வந்த கிழவர் ஓபி-வானுக்கு இவன் புளுகுகிறான் என்று புரிந்துவிடுகிறது, முகத்தில் அது தெரிகிறது என்கிற மாதிரி ஒரு குறிப்பே இருக்கிறது. அதாவது கடன்காரன் ஒருவன், வெளியூர்க் கிராக்கி இரண்டு பேர் கிடைத்தார்கள் என்று வாய்க்கு வந்ததை அளந்துவிடுகிறான். தாதர் ஸ்டேஷனுக்கு வெளியே டாக்ஸிக்காரர் "குறுக்கு வழியில் பதினைந்தே நிமிடம் சாப்" என்பாரே, அதே ரகம்.

இந்தப் படம் என்ன செய்கிறது? வழக்கமான பாதை இருபது பார்செக், இவன் சுழலுக்குள் புகுந்து குறுக்கே வந்தான், அதனால் தூரம் குறைந்தது என்று கணக்குக் காட்டுகிறது. இயற்பியல் காப்பாற்றப்பட்டது, சரி. புளுகன் போய்விட்டான். அவன் சொன்ன பொய்யை நாற்பது வருடம் கழித்து நிஜமாக்கி, போக்கிரிக்கு நன்னடத்தைச் சான்றிதழ் கொடுத்துவிட்டார்கள்.

ஜூலை 6, பிற்பகல் 1.30

ஆபீசில் சாப்பாட்டு நேரத்தில் யோசித்தது. அந்தக் காட்சி முடிந்த கையோடு ஒரு சின்ன விஷயம் நடக்கிறது. ஹான் பன்னிரண்டு என்று பீற்றிக்கொள்கிறான். உடம்பெல்லாம் ரோமம் மூடிய அவன் கூட்டாளி ச்சூபாக்கா உறுமுகிறது. முழு எண்ணாகக் குறைத்துச் சொன்னால் பன்னிரண்டுதான் என்று அவன் சமாளிக்கிறான். ஆக நிஜத்தில் பன்னிரண்டுக்கு மேல். பிற்பாடு மதுக்கடையில் "பன்னிரண்டுக்குள்" என்று சொல்லும்போது பொய் இன்னும் கொஞ்சம் வளர்ந்திருக்கிறது.

அந்த ஒரு வரி எழுதியவருக்கு ஹான் யார் என்று தெரிந்திருக்கிறது. ஆச்சரியமில்லை, கதை லாரன்ஸ் கேஸ்டனும் அவர் மகன் ஜோனதனும் எழுதியது. 1980இல் வந்த இரண்டாவது ஸ்டார் வார்ஸ் படத்தின் திரைக்கதையில் கை வைத்தவர் லாரன்ஸ். கோபம் பாதியாகக் குறைந்தது. மீதிப் பாதி அப்படியே இருக்கிறது.

ஜூலை 6, இரவு 11.05

பெயர் வைக்கும் காட்சியை மூன்று பேர் கிண்டல் செய்திருக்கிறீர்கள். எனக்கு அந்தக் காட்சி பிடிக்கும்.

கொரெல்லியா துறைமுகத்தில் காதலியைத் தவறவிட்டுவிட்டு, தப்பிக்க வேறு வழியில்லாமல் ஹான் பேரரசின் படையில் சேரப் போகிறான். மேஜைக்குப் பின்னால் ஒரு அதிகாரி. பெயர்? ஹான். ஹான் என்ன? உன் ஆட்கள் யார்? ஆட்கள் யாருமில்லை, தனியாள் என்கிறான். அதிகாரி ஒரு கணம் யோசித்து "சோலோ" என்று பதிந்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுகிறான். அமெரிக்க விமர்சகர்கள் பலருக்கு இது அபத்தமாகப் பட்டது. ஒரு அரசு மேஜையில் பெயர் பறிபோன அனுபவம் அவர்களுக்கு இல்லை போல.

நான் மும்பை வந்த புதிதில் ஒரு அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுக்கப் போனேன். பெயர், அதற்கு முன்னால் ஒரே ஒரு இனிஷியல். கவுண்டரில் இருந்தவர் "ஆட்நாவ் காய்?" என்றார். குடும்பப் பெயர் கிடையாது என்றேன். இல்லாமல் எப்படி என்றார். இனிஷியலை விரித்துச் சொல்லச் சொன்னார், அப்பா பெயரைச் சொன்னேன். அதைக் கடைசிக் கட்டத்தில் எழுதினார். நடுவில் அப்பா பெயருக்கென்று இன்னொரு கட்டம் இருந்தது. காலியாக விட மனமில்லை, அங்கேயும் அதையே எழுதினார். அன்றிலிருந்து என் அட்டைகளில் அப்பா இரண்டு முறை வருகிறார். மறுப்பதற்குள் பின்னால் நின்றவர் முன்னால் வந்துவிட்டார். இந்த ஊரில் தமிழ்க் குடும்பம் எதைக் கேட்டாலும் இப்படி ஒரு கதை வைத்திருக்கும்.

படத்தில் ஹான் முகத்தைப் பாருங்கள். சந்தோஷமும் இல்லை, துக்கமும் இல்லை, வரிசை நகர்ந்தால் போதும் என்ற அவசரம். அது நிஜம். அதன்பிறகு வாழ்நாள் முழுக்க அந்தப் பெயரைச் சொல்லி மிரட்டுகிறான், கடன் வாங்குகிறான், மகனுக்கும் அதையே விட்டுப்போகிறான். ஒரு குமாஸ்தா போட்ட பெயர் என்று யாருக்கும் தெரியாது. எனக்கு அது தமாஷாகவும் இருந்தது, கொஞ்சம் வலிக்கவும் செய்தது.

ஜூலை 7, காலை 8.50

லோக்கலில் நின்றுகொண்டே எழுதுகிறேன், எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

"இது லார்ட்-மில்லர் படம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தொடங்கியது அவர்கள். ஃபில் லார்டும் கிறிஸ்டோபர் மில்லரும் மாதக்கணக்கில் படம்பிடித்து, முடியச் சில வாரங்களே இருந்தபோது 2017 ஜூனில் நீக்கப்பட்டார்கள். ரான் ஹோவர்ட் வந்து பெரும்பகுதியைத் திரும்ப எடுத்தார். இயக்குநர் என்று திரையில் வருவது அவர் பெயர் மட்டும்தான். வில்லன் ட்ரைடன் வாஸ் வேடத்தில் முதலில் நடித்தவர் மைக்கேல் கே. வில்லியம்ஸ். மறுபடி எடுக்கும்போது அவருக்குத் தேதி ஒத்துவரவில்லை, பால் பெட்டனி வந்தார்.

ஹோவர்டைப் பற்றி இன்னொன்று. 1973இல், ஸ்டார் வார்ஸை உருவாக்கிய ஜார்ஜ் லூகாஸ் எடுத்த அமெரிக்கன் கிராஃபிட்டியில் அவர் நடிகர். அதே படத்தில் கார் பந்தயத்துக்கு அலையும் திமிர்பிடித்த பையனாகச் சின்ன வேடத்தில் வந்தவர், பிற்பாடு ஹானாக நடித்த ஹாரிசன் ஃபோர்ட். அந்தப் பையனைப் பார்த்துவிட்டு சோலோவின் முதல் கார் துரத்தலைப் பாருங்கள். ஹானுக்கு முன்கதை ஏற்கெனவே 1973இல் எடுத்தாகிவிட்டது என்பேன்.

ஜூலை 7, இரவு 9.20

இப்போது நமக்குத் தெரிந்த ஊருக்கு வருவோம். தாதாவின் முன்கதை நமக்குப் புதுசா? மாணிக்கம் பம்பாயில் என்ன செய்துகொண்டிருந்தார் என்ற கேள்வியில்தானே 1995இல் தமிழ்நாடே கிறுக்குப் பிடித்து அலைந்தது. பம்பாய்த் தமிழர்களுக்கு அதில் கூடுதல் பெருமை, முன்கதை நடந்தது எங்கள் பேட்டையில். மாட்டுங்கா அரோரா தியேட்டரில் ரஜினி படம் முதல் நாள் பார்த்தவர்களுக்கு நான் விளக்கவே வேண்டாம்.

ஆனால் பாட்சாவின் கடந்தகாலம் அதே படத்துக்குள் ஒரு வேலையோடு வருகிறது. தம்பிக்கு முன்னால் கம்பத்தில் கட்டிவைத்து அடித்தபோது சும்மா நின்ற ஆட்டோக்காரர் யார் என்று தெரிந்ததும், முன்பு பார்த்த அத்தனை காட்சியும் வேறு மாதிரி ஆகிவிடுகிறது. நிகழ்காலத்தைப் போய் அறையத்தான் அந்த ஃபிளாஷ்பேக்.

தனிப் படமாக எடுக்கும்போது அறைவதற்கு எதிரே ஆள் இல்லை. 2012இல் பில்லாவுக்கு இரண்டாம் பாகம் என்று முன்கதை எடுத்தார்களே, 2007 பில்லாவைக் கொண்டாடிய அதே கூட்டம் அதைப் பார்த்துவிட்டு அமைதியாக வெளியே வந்தது. இத்தனைக்கும் அகதியாக வந்து இறங்கும் டேவிட் என்ற ஆரம்பம் நல்ல ஆரம்பம். கோட்டும் கண்ணாடியும் போட்ட பில்லாவைப் பார்க்கும்போது அந்த அகதி ஞாபகத்துக்கு வர வேண்டும். எனக்கு வருவதில்லை.

ஒரு வித்தியாசம் உண்டு. அந்த டேவிட் தன்னைத் தானே செதுக்கிக்கொண்டதாக மார்தட்டுவான். சோலோவில் தலைகீழ்: பெயரை அதிகாரி தருகிறான், துப்பாக்கியை அவனுக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த கொள்ளைக்காரர் பெக்கெட் தருகிறார், நண்பனிடம் அவனைத் தள்ளிவிடுவது தண்டனை கொடுத்த படைத்தளபதி. குழிக்குள் மிருகம் இருக்கிறது, தின்னட்டும் என்று வீசுகிறார்கள், அந்த மிருகம்தான் ச்சூபாக்கா. அவன் தானாகச் சம்பாதித்தது கப்பல் ஒன்றுதான், அதுவும் சீட்டில். தற்பெருமைக்காரன் ஒருவனுக்குக் கிடைத்ததெல்லாம் பிறர் போட்ட பிச்சை என்பது எவ்வளவு நல்ல கரு! படம் அதைக் கையில் வைத்துக்கொண்டே கவனிக்காமல் போகிறது.

ஜூலை 7, இரவு 9.45

விட்டுப்போனது. ஹாரிசன் ஃபோர்டின் இன்னொரு நாயகனுக்கு முன்கதை சொன்ன விதத்தைப் பாருங்கள். 1989 இந்தியானா ஜோன்ஸ் படத்தின் தொடக்கம், 1912ஆம் வருடம், ரயிலில் ஒரு துரத்தல். ரிவர் ஃபீனிக்ஸ்தான் பையன். சாட்டை, மோவாயில் தழும்பு, பாம்பு பயம், தொப்பி எல்லாம் அந்த ஒரே துரத்தலில் வந்துவிடும். நீங்கள் சிரித்து முடிப்பதற்குள் அவன் பெரியவனாகி நிற்பான். சீர்வரிசையை அத்தனை வேகத்தில் வைத்தால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

ஜூலை 9, இரவு 10.10

"படம் ஒரே இருட்டு, யார் யாரை அடிக்கிறார்கள் என்றே தெரியவில்லை" என்ற புகாருக்கு.

பாதிப் பழி ஒளிப்பதிவாளருக்கு. பிராட்ஃபோர்ட் யங் வேண்டுமென்றே குறைந்த வெளிச்சத்தில் வேலை செய்பவர். அரைவல் படத்தின் அந்தச் சாம்பல் நிறம் அவருடையதுதான். இங்கே மிம்பன் கிரகத்துச் சேற்றுப் போர்க்களத்தில் எல்லாம் பழுப்பு, மதுக்கூடத்தில் சீட்டாடுகிறவர்களின் முகத்துக்குப் பின்னால் மட்டும் விளக்கு. வீட்டில் நல்ல டிவியில், விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள், பிரமாதமாக இருக்கும்.

மீதிப் பழி தியேட்டருக்கு. டிஜிட்டல் திரையில் படத்தின் வெள்ளை 14 ஃபுட்-லாம்பர்ட் (திரை வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சத்தில் இருக்க வேண்டும் என்பது கணக்கு. த்ரீ-டி என்று கண்ணாடி மாட்டிவிட்டால் கண்ணுக்கு வருவது நாலரை கிடைத்தாலே அதிகம். நான் 2018இல் பார்த்த மல்டிபிளெக்ஸில் பல்பும் பழசாக இருந்திருக்க வேண்டும். முதல் அரை மணி நேரம் திரையில் ஹானைத் தேடிக்கொண்டே இருந்தேன். கூட வந்த அக்கா மகள் அப்போது பள்ளிக்கூடம். "மாமா, இது ரேடியோ நாடகமா?" என்றாள். இடைவேளையில் போய்ச் சொன்னேன். "படமே அப்படித்தான் சார்" என்றார் ஒருவர். பாதி உண்மை என்பதால் வாதாட முடியவில்லை.

ஜூலை 10, காலை 7.40

கேட்காவிட்டாலும் சொல்கிறேன், இந்தப் படத்தில் சரியான முன்கதை கிடைத்த பாத்திரம் கப்பல்தான்.

1977 படத்தின் நாயகன் லூக் பார்த்த உடனே குப்பை என்று சொன்ன மில்லேனியம் ஃபால்கன், அதன் பழைய சொந்தக்காரர் லாண்டோ கையில் இருக்கும்போது வெள்ளைவெளேரென்று இருக்கிறது. உள்ளே மெத்தை, சுத்தமான நடைபாதை, மேலங்கிகளுக்கென்றே தனி அறை. முன்பக்கத்தில் இரண்டு கொம்புக்கு நடுவே இருக்கும் பள்ளம் அப்போது இல்லை. அங்கே தப்பிக்கும் கலம் ஒன்று பொருந்தியிருக்கிறது, சுழலுக்குள் அதைக் கழற்றிவிடுகிறார்கள். கெஸல் ஓட்டம் முடிந்து சவரீன் கிரகத்தில் இறங்கும்போது தகடு உரிந்து, புகை கக்கி, நமக்குத் தெரிந்த ஃபால்கனாகி நிற்கிறது. லாண்டோ முகத்தைப் பாருங்கள். டொனால்ட் க்ளோவர் அதிகம் பேசாமலே அழவைக்கிறார்.

அப்புறம் எல்-3. லாண்டோவின் கூட்டாளி இயந்திரம், ஃபீபி வாலர்-பிரிட்ஜ் நடித்தது. சுரங்கத்தில் மற்ற இயந்திரங்களை விடுவித்துவிட்டுச் சாகிறது. வழி கண்டுபிடிக்க வேறு வழியில்லாமல் அதன் மூளையைக் கப்பலின் கணினியோடு இணைக்கிறார்கள். 1980 படத்தில் சி-3பிஓ என்ற இயந்திரம் இந்தக் கப்பலின் பேச்சு விசித்திரமாக இருக்கிறது என்று புலம்புமே, அந்தப் பழைய நகைச்சுவைக்குள் இப்போது ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறாள். விடுதலை விடுதலை என்று கத்தியவளைக் கடைசியில் கப்பலுக்குள் பூட்டிவிட்டார்களே என்று அக்கா மகள் கோபப்பட்டாள். படத்தில் யாருக்கும் அந்தக் கோபம் வரவில்லை. லாண்டோவுக்காவது வந்திருக்கலாம்.

தொழில்நுட்பம் கேட்டவருக்கு: காக்பிட் காட்சிகளில் நடிகர்கள் பச்சைத் துணியைப் பார்த்து நடிக்கவில்லை. சுற்றிலும் வளைந்த திரை கட்டி, விண்வெளிக் காட்சியை அதில் ஓடவிட்டார்கள். முகத்தில் விழும் நீல வெளிச்சம் நிஜ வெளிச்சம். ரயில் கொள்ளைக்கான பனிமலைகள் இத்தாலியின் டோலமைட்ஸ். விஷுவல் எஃபெக்ட்ஸுக்கு ஆஸ்கர் பரிந்துரை வரை போனது.

ஜூலை 12, இரவு 11.30

தாராவி அண்ணன் ஒருவர் கேட்டிருக்கிறார்: "முன்கதையே கூடாது என்கிறாயா?"

அப்படிச் சொல்லவில்லை. ஒரே முன்கதை கூடாது என்கிறேன்.

நம்ம பம்பாய் தாதா வரதா பாயை எடுத்துக்கொள்ளுங்கள், வரதராஜ முதலியார். விடி ஸ்டேஷனில் போர்ட்டராக இருந்தவர் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. மாட்டுங்கா ஸ்டேஷனுக்கு வெளியே அவர் போட்ட பிள்ளையார் பந்தல் பற்றியும் எல்லோரும் சொல்வார்கள். போர்ட்டர் எப்படி பாய் ஆனார் என்று கேட்டால்தான் வேடிக்கை. மாட்டுங்காவில் ஒரு பெரியவர் ஒன்று சொல்வார், சயானில் இன்னொருவர் அதற்கு நேர் எதிராகச் சொல்வார். ஒருவர் கதையில் வள்ளல், இன்னொருவர் கதையில் கள்ளச்சாராயத்தில் ஏழைகளைக் கெடுத்தவர். நேரில் பார்த்ததாக இரண்டு பேருமே சத்தியம் செய்வார்கள். நான் எந்தக் கட்சியும் இல்லை, சட்டத்துக்கு வெளியே வாழ்ந்தவரைக் கொண்டாடவும் வரவில்லை. போக்கிரியின் இளமை இப்படிப் பல வாயில் பலவிதமாக இருக்கும்போதுதான் அவனுக்கு உயரம் என்கிறேன். கேமரா வைத்து இதுதான் நடந்தது என்று காட்டியவுடன் மற்ற வாய்களெல்லாம் மூடிவிடுகின்றன.

சோலோவை லாண்டோ சொல்லும் கதையாக எடுத்திருந்தால்? படத்திலேயே அவர் தன் சாகசங்களைத் தானே பதிவுசெய்து வைத்துக்கொள்ளும் காட்சி ஒன்று இருக்கிறது. அந்த ஆளைக் கதைசொல்லி ஆக்கி, காதலி கீரா ஒன்று, பெக்கெட் ஒன்று என்று ஒன்றுக்கொன்று இடிக்கிற மாதிரி சொல்ல வைத்திருக்கலாம். பார்செக் கணக்கும் ஆளுக்கு ஒன்றாக இருந்திருக்கும்.

ஜூலை 13, காலை 10.20

நடிகரைப் பற்றி யாருமே பேசவில்லையே என்று அந்தேரி வாசகி குறைப்பட்டுக்கொண்டார்.

ஆல்டன் ஏரன்ரைக். ஃபோர்டை மிமிக்ரி செய்யவில்லை, அதற்கே பாராட்ட வேண்டும். விரலை நீட்டிப் பேசுவது, மாட்டிக்கொண்டதும் அரைச் சிரிப்பு சிரிப்பது என்று இரண்டு மூன்று சாயல் மட்டும் வைத்துக்கொண்டார். கோயன் சகோதரர்களின் ஹெயில், சீசரில் வசனம் வராத கௌபாய் நடிகராக வருவாரே, அவர்தான். ஓப்பன்ஹைமரில் ஸ்ட்ராஸின் உதவியாளராக வந்து, கடைசியில் அவர் மூக்கை உடைப்பவரும் அவர்தான்.

அவருக்கு நேர்ந்தது அநியாயம். ஃபோர்ட் முதல் ஸ்டார் வார்ஸில் நடித்தபோது வயது 33, தச்சு வேலை செய்து பிழைத்துவிட்டு வந்த மனிதர். அந்த அலுப்பு முகத்தில் இருந்தது. அதே பாத்திரத்தின் அலுப்பு இல்லாத வயதை நடி என்றால் இவர் என்ன செய்வார்? அலுப்பை எடுத்துவிட்டால் ஹானில் மிஞ்சுவது சிரித்த முகமுள்ள ஒரு நல்ல பையன்.

ஜூலை 13, பிற்பகல் 3.00

மேலே எழுதியதிலேயே தொடர்கிறேன். இந்த ஹான் முதல் காட்சியிலிருந்தே நல்லவன். காதலிக்காகத் திரும்பி வருவேன் என்கிறான். முடிவில் பல கோடி பெறும் எரிபொருளை என்ஃபிஸ் நெஸ்ட்டின் போராளிகளுக்குத் தூக்கிக் கொடுக்கிறான். அப்படியானால் பத்து வருடம் கழித்து, பணம் வாங்கிக்கொண்டு லூக்கைச் சாக விட்டுவிட்டுக் கிளம்புகிறவன் யார்? அங்கே அவன் திரும்பி வருவதுதான் கதையின் உச்சம். ஏற்கெனவே ஒருமுறை திருந்திவிட்டான் என்று தெரிந்தால் அந்தத் திரும்பல் பழைய வழக்கமாகிவிடுகிறது.

இரண்டு இடம் மட்டும் எனக்கு இந்த ஓட்டையை அடைக்கிறது. ஒன்று, கீரா. தன் முதலாளியைக் கொன்றுவிட்டு, ஹானைத் தேடி வராமல், அந்த முதலாளியின் நாற்காலியிலேயே உட்காருகிறாள். மேலே பறந்து போகும் அவள் கப்பலை ஹான் நின்று பார்க்கிறான். எமிலியா கிளார்க் அந்த இடத்தில் எதையும் விளக்காமல் விட்டது நல்லது. இரண்டு, பெக்கெட். பேசிக்கொண்டே துப்பாக்கியை நோக்கி விரல் நகர்கிறது, பாதி வாக்கியத்தில் ஹான் சுட்டுவிடுகிறான். 1997இல் பழைய படத்தைத் திருத்தி, மதுக்கடையில் எதிரிதான் முதலில் சுட்டான் என்று மாற்றி ரசிகர்களைக் கொதிக்கவைத்தார்களே, அதற்கு இது பதில். அதைவிட முக்கியம், சுட்ட பிறகு ஓடிப்போய்ப் பெக்கெட்டைத் தாங்கிக்கொள்கிறான். வாத்தியாரைச் சுட்டுவிட்டு வாத்தியாருக்காக வருந்துகிறான். யாரையும் நம்பாதே என்று சொல்லிக்கொடுத்தவர் அவர். பாடம் ஏறிவிட்டது.

இந்த இரண்டு காட்சியும் படத்தின் கடைசி அரை மணி நேரத்தில் வருகின்றன. ஹான் அங்கேதான் தொடங்குகிறான். இரண்டாம் பாகம் வந்திருந்தால் எனக்குப் பிடித்திருக்கும் போல. வசூல் அதற்கு மண் போட்டுவிட்டது.

ஜூலை 13, பிற்பகல் 3.10

இசையைப் பற்றி ஒரே வரி: ஜான் பவல். ஹானுக்கான மெட்டு மட்டும் ஜான் வில்லியம்ஸ் போட்டது. என்ஃபிஸ் நெஸ்ட் வரும்போதெல்லாம் ஒலிக்கும் பல்கேரியப் பெண்களின் குரலைக் காதில் ஹெட்போன் மாட்டிக் கேளுங்கள்.

ஜூலை 15, இரவு 8.35

முலுண்ட் நண்பர் கடைசியாகக் கேட்டது: பத்து வயதுப் பையனுக்கு ஸ்டார் வார்ஸ் அறிமுகம் செய்ய இதிலிருந்து தொடங்கலாமா, கதைப்படி முன்னால் வருகிறதே?

வேண்டாம். 1977, அப்புறம் 1980, அதற்குப் பிறகு பையனுக்கு ஹானைப் பிடித்துப்போனால் ஒரு மழை நாளில் இது. முதலில் இதைக் காட்டினால் மதுக்கடையில் அந்த ஆள் பேச ஆரம்பித்ததுமே "இவர் நல்லவர்ப்பா" என்று பையன் சொல்லிவிடுவான்.

இன்னொன்று, கடைசியில் சிவப்பு முகத்தோடு ஒருவர் ஹாலோகிராம் உருவமாகத் தோன்றி மிரட்டுவார். 1999 படத்தில் இரண்டு துண்டாக வெட்டப்பட்டவர் எப்படி வந்தார் என்று பையன் கேட்பான். கார்ட்டூன் தொடரில் இயந்திரக் கால் வைத்துப் பிழைத்துக்கொண்டார் என்று சொல்லிவிடுங்கள். 2018இல் என் வரிசையில் உட்கார்ந்திருந்த யாருக்கும் அது தெரியவில்லை. பின்னாலிருந்து ஒருவர் "வேற படத்தோட ரீலை மாத்திப் போட்டுட்டான்" என்று சத்தமாகச் சொன்னார், அரங்கத்தில் அன்றைக்குப் பெரிதாகச் சிரித்தது அதற்குத்தான்.